மூன்று கிட்டார், ஒரே ஒரு முறை

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகர், தம் பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது 46, அரசு வங்கிப் பணி. ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவிலும், மாதத்தில் இரண்டு மூன்று இரவுகள் திருமண வரவேற்பு, கோயில் கொடை என மெல்லிசைக் குழுவிலும் கிட்டார் வாசிக்கிறார். கையில் இருப்பது 2009-இல் வாங்கிய, இந்தோனேசியாவில் தயாரான, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிட்டார். முதிர்வடைந்த வைப்புத்தொகையிலிருந்து நான்கு லட்சம் ரூபாயை ஒதுக்கியிருக்கிறார். “வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே ஒரு முறைதான்” என்று மனைவி சொல்லிவிட்டாராம்.

அவருடைய பட்டியலில் மூன்று கருவிகள் உள்ளன: கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் ஃபிஃப்டீஸ், ஃபெண்டர் அமெரிக்கன் புரொஃபெஷனல் 2 ஸ்ட்ராட்டோகாஸ்டர், பிஆர்எஸ் கஸ்டம் 24. பதினாறு வயதில் ஓர் இசைப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் பார்த்ததிலிருந்து மனம் லெஸ் பாலிலேயே இருக்கிறது என்கிறார். இணைய விளம்பரம் ஒன்றில் 1,40,000 ரூபாய்க்கு ஒரு பழைய லெஸ் பால் வந்திருக்கிறது; விற்பவர் அவசரமாக வெளிநாடு செல்கிறாராம், வரிசை எண்ணும் சரியாக இருக்கிறதாம். நியூ ஜெர்சியில் வசிக்கும் மைத்துனர் டிசம்பரில் ஊருக்கு வரும்போது அங்கிருந்தே ஒன்றை எடுத்துவரவும் தயாராக இருக்கிறார். மூன்றில் எது உயர்ந்தது, கனமான மரம் நீண்ட நாதம் தருமா, பிற்காலத்தில் விலை ஏறுமா, ரோஸ்வுட் மரத்துக்கு அனுமதி வேண்டுமா, பழைய கிட்டாரை விற்றுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். நடுவில் ஒரு வரியில், இடது தோளில் ஓராண்டாக வலி இருப்பதையும், மேடையில் பெரும்பாலும் உறுமல் சேர்க்காத சுத்தமான ஒலியில்தான் வாசிப்பதையும், ஒலியை ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் (ஒலிக்குப் பல சாயல்கள் சேர்க்கும் கால்மிதிப் பெட்டி) வழியாக நேரே மிக்சருக்குக் கொடுப்பதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிட்டார்களைப் பழுதுபார்த்தும், தந்தி உயரத்தையும் கழுத்தையும் சீராக்கி செட்டப் செய்தும் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அந்த நடு வரியைத்தான். எதை வாங்குவது என்பதற்கான பதிலில் முக்கால்வாசி அதில் இருக்கிறது.

உயர்ந்தது எது என்ற கேள்வி

மூன்றையும் ஒரே ஏணியின் மூன்று படிகளாக வைத்துப் பார்க்கிறீர்கள். அவை மூன்றும் வெவ்வேறு தேவைகளுக்கு வெவ்வேறு பட்டறைகள் கண்ட விடைகள். லெஸ் பால் 1952-இல் வந்தது. மஹோகனி உடல், அதன்மேல் செதுக்கிய மேப்பிள் பலகை, உடலோடு ஒட்டப்பட்ட கழுத்து எனப் பழைய வயலின் மரபுத் தச்சு வேலை அதில் தெரியும். ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் காந்தச் சுருள்) 1957-இல்தான் அதில் ஏறியது. 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரோ, பழுதானால் எளிதில் கழற்றி மாட்டும்படி எண்ணிச் செய்யப்பட்டது. கழுத்தே நான்கு திருகாணிகளில்தான் நிற்கிறது. 1985-இல் தொழிலைத் தொடங்கிய பிஆர்எஸ் நிறுவனம் இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வழி கண்டது. தந்தி நீளத்தில்கூட அது நடுவில்தான் நிற்கிறது.

விலை வேறுபாட்டின் பெரும்பகுதி வேலைக்கூலி. வளைவாகச் செதுக்கிய மேற்பலகை, ஒட்டுக் கழுத்து, விளிம்பைச் சுற்றிப் பதித்த பட்டை, பல தடவை அடித்துத் தேய்த்த நைட்ரோசெல்லுலோஸ் மெருகு ஆகிய ஒவ்வொன்றும் ஆள்நேரத்தை விழுங்கும். திருகாணியில் மாட்டிய கழுத்துக்கு அந்த நேரம் தேவையில்லை, அதனால் ஸ்ட்ராட்டோகாஸ்டர் விலை குறைவு. அதன் ஒலி தாழ்ந்தது என்பதல்ல காரணம். பிஆர்எஸ் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு: மேரிலாந்தில் தயாராகும் அதன் ‘கோர்’ வரிசைக் கஸ்டம் 24, அமெரிக்காவிலேயே புதிய லெஸ் பால் ஸ்டாண்டர்டைவிட விலை கூடியது. உங்கள் நான்கு லட்சத்துக்குள் யாராவது புதிய கஸ்டம் 24 தருவதாகச் சொன்னால், அது இந்தோனேசியாவில் தயாராகும் எஸ்இ வரிசையா, இடைநிலையான எஸ்2 வரிசையா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் நல்ல கருவிகள்தாம். ஆனால் கோர் விலையைக் கொடுத்து அவற்றை வாங்கக் கூடாது.

தந்தி நீளமும் உங்கள் விரலும்

கழுத்தின் தலைமாட்டில் தந்திகள் தங்கும் பள்ளக்கட்டையான நட்டிலிருந்து, உடலின்மேல் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வரையுள்ள தந்தி நீளம் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 25.5 அங்குலம், பிஆர்எஸ்ஸில் 25, லெஸ் பாலில் ஏட்டளவில் 24.75. முக்கால் அங்குலம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஒரே தடிமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது, அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தந்தி, லெஸ் பாலின் அதே தந்தியைவிட ஏறத்தாழ ஆறு விழுக்காடு கூடுதலாக முறுகி நிற்கும். திரைப்பாடல்களின் இடையிசையில் வரும் கமகங்களைத் தந்தியை இழுத்து வாசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லெஸ் பாலைக் கையில் எடுத்ததுமே அந்த இழுப்பு வெண்ணெயாக வழிவதாக உணர்வீர்கள். கடையில் நடக்கும் முதற்பார்வைக் காதலுக்கு இதுவே பாதிக் காரணம். ஆனால் அந்தச் சுகத்தைப் பெற நான்கு லட்சம் தேவையில்லை. இப்போது பத்தாம் எண் தந்தி (எண் தடிமனைக் குறிக்கும்) போட்டிருந்தால் ஒன்பதாம் எண்ணுக்கு மாறுங்கள், நீளமான கழுத்திலும் ஏறத்தாழ அதே மென்மை கிடைக்கும்.

கமகத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அது விரற்பலகையின் வளைவு. நீங்கள் குறிப்பிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அது 9.5 அங்குல ஆரம், பிஆர்எஸ்ஸில் 10, லெஸ் பாலில் 12. எண் கூடக் கூடப் பலகை தட்டையாகும். வளைவு மிகுந்த பலகையில் தந்தியைத் தாழ்வாக இறக்கி வைத்து, பதினைந்தாம் ஃப்ரெட்டில் (பலகையின் குறுக்கே பதித்த உலோக மெட்டு) முதல் தந்தியை மூன்று அரைச்சுரம் மேலே இழுத்தால், வளைவின் மேட்டில் இருக்கும் அடுத்த ஃப்ரெட்டில் தந்தி உரசி, நாதம் பாதியில் அறுந்துபோகும். வீணையில் மெட்டுக்கு மேல் தந்தியை இழுத்துப் பழகியவர்களுக்கு அந்தத் தாராளம் கிட்டாரில் கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான். 9.5 அங்குலத்தில் இதைத் தவிர்க்க, பலகைக்கு மேல் தந்தி நிற்கும் உயரமாகிய ஆக்‌ஷனைச் சற்றே உயர்த்தினால் போதும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்திக்கு 2 மில்லிமீட்டர், முதல் தந்திக்கு 1.6 மில்லிமீட்டர் வைத்தால் உங்கள் வாசிப்புக்குச் சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. கர்நாடக இசையையே முழுமையாகக் கிட்டாரில் வாசித்துக் காட்டிய பிரசன்னா போன்றவர்கள் இழுப்பை மட்டும் நம்புவதில்லை. ஃப்ரெட்டுகளின்மேல் வழுக்கிச் செல்லும் ஜாருவிலும் பெரும்பங்கு வேலையைச் செய்கிறார்கள். அதற்கு வேண்டியது ஃப்ரெட்டின் மெருகு, கழுத்தின் வழுவழுப்பு. அதனால் கழுத்தின் பின்புறம் பளபளக்கும் மெருகா, பட்டுப்போன்ற மங்கல் மெருகா என்று கவனியுங்கள். கொடை விழாவில் இரவு பதினொரு மணிக்கு வியர்த்த கட்டைவிரல் பளபள மெருகில் ஒட்டிக்கொள்ளும்.

சுருதி நிற்பதிலும் மூவருக்கும் தனித்தனிக் குணம். லெஸ் பாலில் ஜி எனப்படும் மூன்றாம் தந்தியும் நான்காம் தந்தியும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்து பிருடைக்குப் போகின்றன. நட்டின் பள்ளம் சற்று இறுக்கமாக இருந்தாலும் இழுத்த தந்தி பழைய இடத்துக்குத் திரும்பாது. “லெஸ் பால் ஜி தந்தி” என்றால் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் புரியும். பள்ளத்தை அராவிச் சீராக்கி, பென்சில் முனைத் துகளைத் தடவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மற்ற இரண்டிலும் தந்தி நேராகப் போவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவற்றில், பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் ஸ்பிரிங் அமைப்பான ட்ரெமொலோ இருக்கிறது. மேடையில் ஒரு தந்தி அறுந்தால், ஸ்பிரிங் மற்ற ஐந்தையும் பின்னால் இழுத்து, ஐந்துமே மேல் சுருதிக்கு ஏறிவிடும். நீங்கள் ட்ரெமொலோ கைப்பிடியைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருப்பதால், ஸ்பிரிங்கை இறுக்கிப் பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

எடை, தோள், முறியும் கழுத்து

கனமான மரம்தான் நீண்ட நாதம் தரும் என்பது மரக்கடையில் பிறந்த நம்பிக்கை. நாதத்தின் நீட்சி, நட்டின் வெட்டு, ஃப்ரெட்டின் சமன், பிரிட்ஜின் பிடிப்பு, தந்தியின் புதுமை என்று பலவற்றால் தீர்மானமாகிறது. மூன்று கிலோ எடையுள்ள கிட்டார் கணீரென்று நிற்பதையும், நாலரைக் கிலோ கிட்டார் ஊமையாக இருப்பதையும் என் மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் தோளுக்கு எடை மெய்யான கணக்கு. ஃபிஃப்டீஸ் வகை லெஸ் பால் நான்கு கிலோவிலிருந்து நாலரைக் கிலோ வரை வரும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் பெரும்பாலும் மூன்றரைக் கிலோவை ஒட்டி. ஒரு கிலோ வேறுபாடு கடை நாற்காலியில் தெரியாது. வரவேற்பு மேடையில் மூன்று மணி நேரம் நின்றபின், அதுவும் ஏற்கெனவே வலிக்கும் இடது தோளில் பட்டை அழுந்தும்போது தெரியும். தோள்வலிக்கு முதலில் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். ஓராண்டாக நீடிக்கும் வலியைக் கிட்டார் பட்டையின் அகலத்தை மட்டும் மாற்றிச் சமாளிக்க வேண்டாம்.

லெஸ் பாலின் தலைப்பகுதி பற்றியும் சொல்லியாக வேண்டும். அது 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கழுத்து ஒரே மஹோகனித் துண்டிலிருந்து வெட்டப்படுவதால், சாயும் இடத்தில் மரத்தின் இழை குறுக்காக ஓடி அறுபடுகிறது. போதாததற்கு, கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகுவதற்கான குழியும் அதே இடத்தில்தான் குடையப்பட்டிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர், பேருந்தின் மேல்தட்டில் துணிப்பையில் வைத்து எடுத்துவந்த லெஸ் பாலை என் மேசையில் கிடத்தினார். வளைவில் பேருந்து திரும்பியபோது பை சரிந்து விழுந்திருக்கிறது. ஜிப்பைத் திறந்தபோது மேலே கீறல்கூட இல்லை. தலைப்பகுதி மட்டும் ஆறு தந்திகளைப் பிடித்துக்கொண்டு, கழுத்தறுபட்ட கோழியின் தலைபோலத் தொங்கியது. ஒட்டினேன். இன்றுவரை உறுதியாக இருக்கிறது, ஒலியிலும் குறையில்லை. ஆனால் விற்கப் போனபோது அவருக்குக் கிடைத்தது பாதி விலை. ஃபெண்டரின் தலைப்பகுதி சாயாத தட்டை மேப்பிள் என்பதால் இந்த விபத்து அதற்கு அரிது. உங்கள் குழு வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே கிட்டாரை வைத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். லெஸ் பால் வாங்கினால், மரச்சட்டம் போட்ட கெட்டிப் பெட்டி இல்லாமல் அந்த வேனில் ஏற்றாதீர்கள்.

இரைச்சல்

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைச் சுருள் பிக்கப் மின்சார இரைச்சலை வாங்கும். சீரியல் விளக்குகளும் ஜெனரேட்டரும் ஓடும் கொடை மேடையில் அது மிகுதியாகவே கேட்கும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராகச் சுற்றப்பட்டு இரைச்சலைத் தமக்குள் அடித்துக்கொள்கின்றன. ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும், நடு பிக்கப் எதிர்ச்சுற்று உடையதாக இருந்தால், ஸ்விட்சின் இரண்டாம், நான்காம் இடங்களில் இரைச்சல் அடங்கிவிடும். நீங்கள் விரும்பும் ‘கண்ணாடி போன்ற’ ஒலியும் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. இன்னும் ஐயம் இருந்தால், பிரிட்ஜ் பக்கம் மட்டும் ஹம்பக்கர் வைத்த எச்எஸ்எஸ் வகை அதே வரிசையில் கிடைக்கிறது.

இதோடு சேர்த்து ஒன்று. தந்திகளைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றால், குற்றம் கிட்டாரில் இல்லை; மேடையின் எர்த் இணைப்பில். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கிட்டாரும் அதைச் சரிசெய்யாது. வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒலி அமைப்பாளரை அழைக்க வேண்டும், ஏனெனில் அது உயிருக்கு ஆபத்து.

அந்த 1,40,000 ரூபாய் விளம்பரம்

வரிசை எண் சரியாக இருப்பது எதையும் உறுதிசெய்யாது. அசல் கிட்டார் ஒன்றின் எண்ணை அப்படியே போலியின் முதுகில் அச்சிடுவது இந்தத் தொழிலில் மிக எளிய வேலை. லெஸ் பாலை நேரில் பார்த்தால், தலைப்பகுதியில் ட்ரஸ் ராட் குழியை மூடும் மணிவடிவ மூடியைப் பாருங்கள்: கிப்சனில் அதை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும், மூன்று இருந்தால் அங்கேயே கிட்டாரைக் கீழே வைத்துவிடலாம். மூடியைக் கழற்றினால் உள்ளே ட்ரஸ் ராடைத் திருகும் ஆறுமுகப் பித்தளை நட்டு தெரிய வேண்டும். ஆலன் கீ நுழையும் துளை தெரிந்தால் அது கிப்சன் ஸ்டாண்டர்ட் இல்லை. பின்மூடியைத் திறந்து வயரிங்கையும், ஊதா விளக்கொளியில் கழுத்தின் பின்புறத்தில் ஒட்டுத் தழும்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். நைட்ரோ மெருகு ஊதா ஒளியில் ஒரே சீராக மிளிரும். மறுபூச்சு விழுந்த இடம் தனித்துக் காட்டிக்கொடுக்கும். விற்பவர் இவற்றுக்கு ஒப்பாமல், முன்பணம் அனுப்புங்கள் என்று அவசரப்படுத்தினால் விலகிவிடுங்கள்.

சட்டப் பாதுகாப்பிலும் கடையில் வாங்குவதும் தனிநபரிடம் வாங்குவதும் ஒன்றல்ல. அங்கீகரிக்கப்பட்ட கடையில் ஜிஎஸ்டி ரசீதோடு வாங்கினால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. தனிநபர் ஒருவர் தம் பழைய பொருளை விற்பதை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவது எளிதன்று. பணம் போய்விட்டால் உங்களுக்கு மிஞ்சுவது இணையக் குற்றப் புகாருக்கான 1930-உம் காவல் நிலையமும்தான்.

விலை ஏறுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏலத்தில் கோடிகளில் பேசப்படும் லெஸ் பால்கள் 1958 முதல் 1960 வரை வந்தவை. அன்று சரியாக விற்காததால் குறைவாகவே செய்யப்பட்டவை. அந்த அருமைக்குத்தான் விலை. இன்று ஆண்டுதோறும் ஏராளமாக வெளிவரும் ஸ்டாண்டர்ட், கடைவாசலைத் தாண்டியதுமே பழைய பொருள். வைப்புத்தொகைக்கு மாற்றாக அதை நினைக்க வேண்டாம் என்பது வங்கியில் இருக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மைத்துனரும் சுங்கமும்

சொந்தக்காரர் கையில் கொண்டுவந்தால் வரி இல்லை என்பது பரவலான தவறான எண்ணம். 2016-ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகள் 50,000 ரூபாய் வரை விலக்கு அளித்து, அதற்கு மேற்பட்ட மதிப்புக்குக் கூடுதல் வரியோடு சேர்த்து 38.5 விழுக்காடு என்ற கணக்கை வைத்திருந்தன. அந்தக் கணக்கில் 2,40,000 ரூபாய்க் கிட்டாருக்கு 73,150 ரூபாய் வரி. வரம்பும் விகிதமும் திருத்தப்படுபவை. மைத்துனர் பயணச்சீட்டு எடுக்கும் வாரத்தில் நடப்பிலுள்ள எண்களைச் சுங்கத்துறை அறிவிப்பில் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவரின் விலக்கையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் காட்டவும் முடியாது. “என் சொந்தப் பழைய கிட்டார்” என்று சொல்லிப் வரி கட்ட ஏதுமில்லை என்பவர்களுக்கான பச்சைப் பாதையில் வரச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் சேரும், அதைக் கட்டுபவர் உங்கள் மனைவியின் தம்பி.

உத்தரவாதமும் பொதுவாக வாங்கிய நாட்டின் விற்பனையாளரோடு நின்றுவிடும். அதோடு, நியூ ஜெர்சியின் டிசம்பர் வறட்சியில் இருந்த மரம் நம் கடலோர ஈரத்துக்கு வந்ததும் சில வாரங்கள் அசையும். கழுத்து வளைவு மாறும், ஆக்‌ஷன் மாறும். கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், ஒரு மாதம் கழித்து மறு செட்டப் செய்தால் போதும்.

ரோஸ்வுட் பற்றிய பயம் மட்டும் பழங்கதையாகிவிட்டது. விரற்பலகையாக வருவது பெரும்பாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரரேதான்: ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் நாம் சொல்லும் மரம், உங்கள் தாத்தா வீட்டுக் கட்டிலாகவும் இருந்திருக்கக்கூடும். அதன் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வந்தபோது, கிட்டார்களுக்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது உண்மை. 2019 நவம்பர் 26 முதல், முழுமையாகத் தயாரான இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் முதல் பட்டியலில் இருப்பதால் விலக்கு இல்லை, ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள எதிலும் அது வராது. (2011-இல் அமெரிக்க அரசு கிப்சன் ஆலைகளைச் சோதனையிட்டதே இந்தியாவிலிருந்து போன விரற்பலகை மரம் தொடர்பாகத்தான், அடுத்த ஆண்டு அந்நிறுவனம் உடன்பட்ட 3,00,000 டாலர் அபராதமோ முக்கியமாக மடகாஸ்கர் கருங்காலி தொடர்பானது.)

கடையில் அரை நாள்

என் பரிந்துரை இதுதான்: பணத்தைக் கட்டும் முன், ஒரு வேலைநாளில் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று, மூன்று வகைகளையும் வைத்திருக்கும் கடையில் அரை நாள் இருங்கள். வார இறுதியில் கூட்டத்தில் எதுவும் கேட்காது. உங்கள் பழைய கிட்டாரையும், உங்கள் பெடலையும், பயணப்பை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றையும், 15 சென்டிமீட்டர் எஃகு அளவுகோலையும் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் எதையும் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மாட்டாமல் வெறுமனே வாசியுங்கள். உடல் அதிர்வதை வயிற்றில் உணர்வீர்கள், எந்த ஃப்ரெட்டில் தந்தி சலசலக்கிறது என்பதும் அப்போதுதான் கேட்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தாமல் தொட்டு ஹார்மோனிக்ஸ் எடுத்து, அதே இடத்தில் அழுத்தியும் வாசித்துச் சுருதி ஒன்றுகிறதா என்று பாருங்கள். பிறகு நான் சொன்ன பதினைந்தாம் ஃப்ரெட் இழுப்பு. அதன்பின் கழுத்தின் ஓரத்தில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். குளிரூட்டிய அறையில் பல மாதங்கள் கிடந்த கிட்டாரில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் முள்ளாக நிற்கும். கடைக்காரர் ஆம்பில் எதிரொலியும் உறுமலும் சேர்த்துத்தான் தருவார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சுத்தமான ஒலியில், ஒரே ஆம்பில், ஒரே ஒலியளவில் மூன்றையும் கேளுங்கள். ஒலியளவு சற்றுக் கூடினாலே அந்தக் கிட்டார் நல்லதாகத் தோன்றிவிடும், ஹம்பக்கருக்கு அந்தச் சாதகம் இயல்பிலேயே உண்டு. கடைசியாக, ஒவ்வொன்றையும் பட்டை மாட்டி இருபது நிமிடம் நின்றபடி, ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் பாடல்களையே வாசியுங்கள்.

பிடித்துப்போனது எதுவோ, அதன் வரிசை எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து, அதே கருவியையே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். “உள்ளே சீல் பிரிக்காத பெட்டி இருக்கிறது, அதைத் தருகிறேன்” என்பது அன்பான பேச்சுதான். ஆனால் ஒரே மாதிரியின் இரண்டு கிட்டார்கள் எடையிலும் கழுத்திலும் அண்ணன் தம்பி அளவுக்கு வேறுபடும்.

கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதானால், என் கை ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பக்கம், அதிலும் எச்எஸ்எஸ் வகையின் பக்கம் நீள்கிறது. சுத்தமான ஒலி, வலிக்கும் தோள், வேன் பயணம், மூன்றுக்கும் அது பொருந்துகிறது. அமெரிக்கத் தயாரிப்புகளாகப் பார்த்தால் மூன்றிலும் விலை குறைந்ததும் அதுவே. மீதியாகும் தொகையில் ஐம்பதாயிரமாவது, மிக்சருக்கு நேரே கொடுக்கும் அந்தப் பழைய பெடலை மாற்ற ஒதுக்குங்கள். உங்கள் கிட்டாரைச் சபை கேட்பது அதன் வழியாகத்தான். அது மங்கலாக இருந்தால் எந்தக் கிட்டாரும் மங்கலாகவே கேட்கும்.

ஆனால் முப்பது ஆண்டு ஆசையை ஒரு பழுதுபார்ப்பவன் தராசில் வைத்துத் தள்ளிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கடையில் லெஸ் பாலை வைத்தபின் மற்ற இரண்டையும் எடுக்கவே கை வரவில்லை என்றால் அதையே வாங்குங்கள். நான்கு கிலோவுக்குக் கீழே இருக்கும் ஒன்றைக் கொக்கித் தராசில் தேடி எடுங்கள், ஃபிஃப்டீஸின் பருத்த கழுத்தோடு, அதே ஸ்டாண்டர்டின் சிக்ஸ்டீஸ் வகையின் மெலிந்த கழுத்தையும் பிடித்துப் பாருங்கள், அகலமான தோல் பட்டை வாங்குங்கள், நைட்ரோ மெருகுக்கு ரப்பர் பிடியுள்ள ஸ்டாண்டு ஆகாது என்பதை மறவாதீர்கள். அதே கடையில் கிப்சன் எஸ்ஜி இருந்தால் பத்து நிமிடம் அதையும் தோளில் மாட்டுங்கள். 1961-இல் லெஸ் பாலின் இடத்துக்கே கொண்டுவரப்பட்ட கருவி அது. அதே தந்தி நீளம், அதே ஹம்பக்கர், எடையோ மூன்று கிலோவை ஒட்டி. கழுத்துப்பக்கம் சற்றுத் தாழும், சொரசொரப்பான பட்டை போட்டால் நிற்கும்.

பழைய கிட்டாரை விற்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டு இந்தோனேசியக் கிட்டாருக்கு இன்று கிடைக்கும் விலை, ஒரு நல்ல கெட்டிப் பெட்டியைக்கூட வாங்கித் தராது. ஃப்ரெட்டைச் சமன்செய்து, நட்டை மாற்றி, முழு செட்டப் செய்து வையுங்கள். அதையும் கடைக்குப் போகும் முன்பே செய்துவிடுங்கள், அப்போதுதான் புதியவற்றோடு நேர்மையாக ஒப்பிட முடியும். பிறகு அது மேடையில் உங்கள் பின்னால் ஸ்டாண்டில், சுருதி சேர்த்தபடி நிற்கட்டும். வரவேற்பில் பல்லவி முடியும் நேரத்தில் தந்தி அறுந்தால், அடுத்த சரணத்துக்குள் மாட்டிக்கொள்ள அது இருக்கும்.